மெஷின் வரையும் கோடு

எங்கள் லேபில் இருக்கும் பயோகெமிஸ்ட்ரி மெஷினின் திரையில், ரிசல்ட் பட்டியலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் அந்த டெஸ்ட்டின் ரியாக்‌ஷன் கர்வ், அதாவது ரசாயன வினை எப்படி நடந்தது என்று காட்டும் கோடு, விரியும். அதிகம் பேர் அதைத் தொடுவதில்லை. எண் வந்துவிட்டது, ஃபிளாக் (மெஷின் தரும் எச்சரிக்கைக் குறி) எதுவும் இல்லை, அப்ரூவ் செய்து பிரிண்ட் கொடுத்தாயிற்று. காலையில் வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையில் நிற்கும்போது வேறு எதற்கும் நேரம் இருக்காது என்பது தெரிந்ததுதான். ஆனாலும் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பட்டனைத்தான். என்சைம் (உடம்பில் ரசாயன வினைகளை வேகப்படுத்தும் புரதம்) டெஸ்ட் எதுவானாலும் எண்ணை நம்புவதற்கு முன்னால் கோட்டை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஏன் என்று எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

நான் வேலை பார்ப்பது பெரம்பலூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில். மழைக்காலம் வந்தால் காய்ச்சல், மற்ற நாட்களில் சர்க்கரை, மஞ்சள் காமாலை, வயிற்றுவலி. சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற ஊர்கள் என்பதால் பூச்சிமருந்து பட்டு வருகிறவர்களும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு என்சைம் பார்க்கப்படுகிறது.

சர்க்கரை, யூரியா, கொலஸ்ட்ரால் போன்றவற்றில் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு இருக்கிறது? ரியேஜென்ட் எனும் ரசாயனக் கரைசலைச் சேர்த்து, வினை முழுதும் முடியும்வரை காத்திருந்து, வந்த நிறத்தை அளந்தால் போதும். என்சைம் வேறு மாதிரி. கல்லீரல் டெஸ்ட்டில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ஆல்கலைன் பாஸ்படேஸ், தசையிலிருந்து வரும் சிகே எல்லாம் செரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) மிகமிகச் சொற்பமாக இருக்கும் புரதங்கள். அவற்றை எடைபோட்டுச் சொல்வதை விட, அவை செய்கிற வேலையின் வேகத்தை அளப்பது சுலபம். ரிப்போர்ட்டில் 'யூனிட்/லிட்டர்' என்று போடுகிறோமே, அந்த ஒரு யூனிட் என்பது ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றும் அளவு வேலை. ஆக, அது ஒரு வேகம்.

கல்யாண வீட்டுப் பந்தியில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் நாம் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிவது சாம்பார் வாளி மட்டும்தான். நிமிடத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் ஆட்கள் எத்தனை என்று கணக்குப் போட்டுவிடலாம். எஸ்ஜிஓடி டெஸ்ட்டில் அந்த வாளி என்ஏடிஎச் என்ற வேதிப்பொருள். அஸ்பார்ட்டேட்டையும் ஆக்ஸோகுளூட்டரேட்டையும் எஸ்ஜிஓடி மாற்றும்போது ஆக்ஸலோஅசிட்டேட் உண்டாகிறது. அது நம் மெஷினின் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ரியேஜென்ட்டிலேயே இன்னொரு என்சைமைக் கலந்து வைத்திருப்பார்கள், மாலேட் டிஹைட்ரோஜினேஸ். அது ஆக்ஸலோஅசிட்டேட்டை உடனே பிடித்து மாலேட் ஆக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு என்ஏடிஎச் செலவாகும். என்ஏடிஎச் 340 நானோமீட்டர் புற ஊதா ஒளியை உறிஞ்சும். செலவாகி என்ஏடி ஆனபிறகு உறிஞ்சாது. எனவே 340-ல் பார்த்துக்கொண்டே இருந்தால் உறிஞ்சும் அளவு சீராக இறங்கும். அந்த இறக்கத்தின் சரிவுதான் எஸ்ஜிஓடி.

இந்த ஒளியியல் வழியை 1930-களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் திறந்துவைத்தார். லிட்டருக்கு ஒரு மில்லிமோல் என்ஏடிஎச் எவ்வளவு உறிஞ்சும் என்ற எண்ணை ஹொரெக்கரும் ஆர்தர் கோர்ன்பெர்க்கும் 1948-ல் வெளியிட்டார்கள். 6.22 என்று எல்லா ரியேஜென்ட் கிட்டோடும் வரும் பேப்பரில் இருக்கிறதே, அதுதான். 1954-ல் நியூயார்க்கில் லாட்யூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மென் மூவரும் மாரடைப்பு வந்தவர்களின் செரத்தில் எஸ்ஜிஓடி ஏறுவதைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே கார்மென், 340-ல் சரிவைப் பார்க்கும் இந்த முறையை எழுதிவிட்டார். இன்று மாரடைப்புக்கு ட்ரோபோனின் பார்க்கிறோம், எஸ்ஜிஓடி கல்லீரல் பக்கம் போய்விட்டது. ஆனால் எங்கள் மெஷினுக்குள் சுழல்கிற க்யூவெட்டில் (வினை நடக்கும் சின்னக் கிண்ணம்) நடப்பது இன்றும் அதே 1955-ம் வருட வேலைதான். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஒரு மரியாதை வருகிறது.

நம் ஊரில் வெகுகாலம் ஓடியது 1957-ல் வந்த ரெய்ட்மேன்–ஃபிராங்கெல் முறை. நாங்கள் டிஎம்எல்டி என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படிக்கும்போது பிராக்டிகலில் செய்திருக்கிறோம். 37 டிகிரி வாட்டர் பாத்தில் எஸ்ஜிஓடிக்கு ஒரு மணி நேரம், எஸ்ஜிபிடிக்கு அரை மணி. அப்புறம் நிறம் தரும் டிஎன்பிஎச் கரைசலை ஊற்றி இருபது நிமிடம். அப்புறம் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் செம்பழுப்பு நிறம் எழும்பும், 505 நானோமீட்டரில் படிக்க வேண்டும். அந்த முறையில் வழியில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் நிறம் மட்டும்தான் கையில் கிடைக்கும். பாதி நேரத்திலேயே சப்ஸ்ட்ரேட் (என்சைம் மாற்றும் மூலப்பொருள்) தீர்ந்து வினை நின்றிருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க வழி இல்லை. இன்றைய மெஷின் நமக்குத் தந்திருக்கும் உண்மையான வரம் வேகம் அல்ல, வழியில் நடப்பதை விநாடிக்கணக்கில் பார்க்க முடிவதுதான் என்று நான் சொல்வேன். அப்படிக் கிடைத்த ஒன்றைப் பார்க்காமலே விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

நார்மலான ஆளின் கோடு எப்படி இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் மைக்ரோலிட்டர் ரியேஜென்ட்டுக்கு நூறு மைக்ரோலிட்டர் செரம் என்றால், சரிவை யூனிட்டாக மாற்றப் பெருக்க வேண்டிய ஃபேக்டர் 1768. செமி ஆட்டோ மெஷினில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த எண் தூக்கத்திலும் நினைவிருக்கும். எஸ்ஜிஓடி 20 யூனிட் உள்ளவருக்கு 20-ஐ 1768-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 0.011. சுமார் 1.1 உறிஞ்சு அளவில் தொடங்கும் கோடு நிமிடத்துக்கு நூற்றில் ஒரு பங்கு மட்டும் இறங்குகிறது! மூன்று நிமிடம் பார்த்தாலும் கண்ணுக்கு அநேகமாகப் படுக்கைக்கோடு போலத்தான் தெரியும். இத்தனை நுண்ணிய இறக்கத்தை அந்த மெஷின் நாள் முழுக்க, க்யூவெட் க்யூவெட்டாக, சரியாகப் பிடிக்கிறது. அதற்கு 37 டிகிரியில் அசையாத வெப்பம் வேண்டும், கீறல் விழாத க்யூவெட் வேண்டும், நல்ல விளக்கு வேண்டும்.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஹாலஜன் விளக்கு பழசாகும்போது முதலில் தளர்வது இந்த 340 பக்கம்தான். 505-ல் ஓடும் சர்க்கரை ஜோராக வந்துகொண்டிருக்கும். எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் மட்டும் கன்ட்ரோலில் (அளவு முன்பே தெரிந்த சோதனைச் சாம்பிள்) தள்ளாடும். கோட்டைத் திறந்து பார்த்தால் நேராக இறங்க வேண்டியது நடுங்கிக்கொண்டு இறங்கும். அப்போது ரியேஜென்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்று பாருங்கள்.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். டெங்கு அதிகமாக இருந்த ஒரு மழைக்காலத்தில், வெளியூர்ச் சிறு மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரு நடுவயதுப் பெண்ணை எங்கள் ஐசியூவுக்கு மாற்றி அனுப்பினார்கள். பிளேட்லெட் இறங்கியிருந்தது, பிரஷர் தாழ்ந்திருந்தது, கண் மஞ்சள் பூத்திருந்தது. கையில் அன்று காலை எடுத்த ரிப்போர்ட்: மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் 5-க்கு மேல், எஸ்ஜிஓடி 14, எஸ்ஜிபிடி 22. டியூட்டி டாக்டர் லேபுக்கு போன் செய்தார். "மேடம், ரிப்போர்ட்டுக்கும் ஆளுக்கும் பொருத்தமே இல்லை. லிவர் என்சைம் நார்மல்னு போட்டிருக்காங்க. நீங்க ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்."

அன்று என்னோடு இருந்தது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். சாம்பிளை ஏற்றினாள். எங்கள் மெஷின் எண் எதுவும் தரவில்லை, ஃபிளாக் போட்டு நின்றது. கர்வைத் திறந்தாள்.

"அக்கா, கோடு ஃபிளாட்டா இருக்கே. அப்போ என்சைமே இல்லைன்னுதானே அர்த்தம்? அவங்க ரிப்போர்ட் சரிதானோ?"

"எங்கே ஆரம்பிக்குது பார்," என்றேன்.

முதல் புள்ளியே 0.2 பக்கத்தில் இருந்தது. நார்மலாக 1.1-ல் தொடங்க வேண்டிய கோடு. வாளி ஏற்கெனவே காலி. அவளையே கணக்குப் போடச் சொன்னேன். செரத்தில் எஸ்ஜிஓடி 10,000 யூனிட் இருக்கிறது என்று வைத்துக்கொள். நூறு மைக்ரோலிட்டர் செரம் ஆயிரத்து நூறு மைக்ரோலிட்டர் கலவையில் கலந்தால் 11 மடங்கு நீர்க்கும். அப்படியானால் கலவையில் லிட்டருக்கு நிமிடத்துக்கு 909 மைக்ரோமோல் என்ஏடிஎச் செலவாகும். கலவையில் மொத்தம் இருப்பதே லிட்டருக்கு 180 மைக்ரோமோல் அளவு. எவ்வளவு நேரத்தில் தீரும்? கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "பன்னிரண்டு விநாடி." மெஷின் படிக்கத் தொடங்குவது அறுபதாவது விநாடியில். செரத்தில் ஏற்கெனவே இருக்கும் பைருவேட் போன்றவை என்ஏடிஎச்சைத் தின்றுவிட்டு அடங்கட்டும் என்பதற்காக விடும் இடைவெளி அது. இந்தச் செரத்தில் அந்த இடைவெளிக்குள் எல்லாமே முடிந்துவிட்டது. பிறகு மூன்று நிமிடம் பார்த்தாலும் காலி வாளி குறையவா போகிறது? சரிவு பூஜ்யம். பூஜ்யத்தை 1768-ஆல் பெருக்கினால், சின்ன ஆட்டங்களையும் சேர்த்து, 14-ம் வரும் 22-ம் வரும்.

100 மைக்ரோலிட்டர் செரத்தோடு 900 மைக்ரோலிட்டர் நார்மல் சலைன் சேர்த்து மறுபடி போட்டோம். இப்போது கோடு மேலேயிருந்து தொடங்கி நன்றாக இறங்கியது. ஆனால் இரண்டாவது நிமிடத்தில் முறிந்து தட்டையானது. இன்னும் போதவில்லை. 20 மைக்ரோலிட்டர் செரம், 980 சலைன். ஐம்பது மடங்கு. இந்தத் தடவை ஸ்கேல் வைத்து இழுத்தது போல் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே நேர்கோடு. மெஷின் 196 என்றது. 50-ஆல் பெருக்கினால் 9,800. எஸ்ஜிபிடியும் அதே வழியில் பார்த்ததில் நாலாயிரத்தைத் தாண்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலில் இந்த என்சைம்கள் 1,000-ஐத் தொட்டாலே கடுமையான டெங்கு. போனில் சொன்னதும் டாக்டர் ஒரு கணம் பேசவில்லை. அப்புறம், "இப்போ புரியுது, தேங்க்ஸ் மேடம்" என்று வைத்துவிட்டார். அதன்பின் மருந்துகளை மாற்றியதும் ரத்தம் உறைதலைக் கவனித்ததும் ஐசியூவின் வேலை. அந்த அம்மா மெல்லத் தேறி வீட்டுக்குப் போனார்.

அந்த வெளியூர் லேபில் யாரும் அலட்சியமாக இருந்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான மெஷின்களில் டெஸ்ட் புரோகிராம் செய்யும் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். ரியாக்‌ஷன் லிமிட், அப்சார்பன்ஸ் லிமிட், சப்ஸ்ட்ரேட் டிப்ளீஷன் என்று கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். உறிஞ்சு அளவு இந்த எண்ணைத் தாண்டிப் போய்விட்டால் ரிசல்ட் தராதே என்று மெஷினுக்குச் சொல்லிவைக்கும் இடம். விலை குறைவு என்று கிட்டை மாற்றும்போது புதிய கிட்டின் விவரங்களை அவசரமாக ஏற்றுவார்கள். அந்தக் கட்டம் பூஜ்யமாகவே நின்றுவிடும். நூறு நாள் ஓடினாலும் ஒரு குறையும் தெரியாது. நார்மல் நார்மலாக வரும், 300 என்றால் 300 என்றே வரும், கன்ட்ரோல் இரண்டும் அழகாக உட்காரும். மிக மோசமான நோயாளி ஒருவர் வரும் நாளில் மட்டும் மெஷின் அவரை ஆரோக்கியமானவர் என்று சொல்லும். இதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்கிறது? லேபில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நாளை காலை கன்ட்ரோல் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, சிகே, எல்டிஎச் நான்குக்கும் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். என்ன எண் போட வேண்டும் என்று கிட் பேப்பரில் இருக்கும், இல்லாவிட்டால் கம்பெனி அப்ளிகேஷன் ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

கோட்டில் தெரியாத தவறுகளும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஊசியைக் கழற்றாமல் சிரிஞ்சிலிருந்து குழாய்க்குள் வேகமாகப் பீச்சினால் சிவப்பணு உடையும். சிவப்பணுவுக்குள் எல்டிஎச்சும் எஸ்ஜிஓடியும் செரத்தைவிடப் பல மடங்கு அதிகம். கோடு அழகாகவே இறங்கும், எண் பொய்யாக ஏறியிருக்கும். செரத்தின் இளஞ்சிவப்பு நிறம்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று, ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தைச் சிவப்பு மூடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றிவிடுவது. ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் போட்டிருக்கும் இடிடிஏ மக்னீசியத்தையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்வதால் ஆல்கலைன் பாஸ்படேஸ் படுத்துவிடும். கூடவே கால்சியம் நம்ப முடியாத அளவு தாழ்ந்தும் பொட்டாசியம் உயிரோடு இருப்பவருக்கு இருக்க முடியாத அளவு ஏறியும் வந்தால், வார்டுக்கு போன் செய்து புது சாம்பிள் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

மாதாமாதம் வேலூர் சிஎம்சியின் வெளித்தரக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கான சாம்பிளும் ஓட்டுகிறோம். என்ன அளவு என்று நமக்குச் சொல்லாமல் அனுப்புவார்கள். நாம் பார்த்து அனுப்பும் எண்ணை, அதே முறையில் பார்த்த மற்ற லேப்களோடு வைத்து ஒப்பிடுவார்கள். அதே முறையில் என்பது முக்கியம். பைரிடாக்சல் பாஸ்பேட் என்ற வைட்டமின் பி6 வடிவம் சேர்த்த கிட்டும் உண்டு, சேர்க்காத கிட்டும் உண்டு. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டுக்கும் வேலை செய்ய அது தேவை என்பதால், சேர்த்த கிட்டில் எண் கொஞ்சம் கூடுதலாக வரும். ஒரு லேபில் 38, இன்னொன்றில் 46 என்று இரண்டு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எது பொய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், ஒரே லேபில் தொடர்ந்து பாருங்கள் என்பதுதான்.

இதுவரை சொன்னது கீழே கிடக்கும் தட்டைக் கோடு. மேலே நிற்கும் தட்டைக் கோடு ஒன்று இருக்கிறது, எங்கள் பக்கத்து ஊர்களுக்கு அதுதான் நெருக்கமானது.

கோலினெஸ்டரேஸ். மற்ற என்சைம்கள் ஏறினால் பயம், இது இறங்கினால் பயம். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து உடம்புக்குள் போனால் நரம்பு முனைகளில் இருக்கும் கோலினெஸ்டரேஸை முடக்குகிறது. செரத்தில் இருக்கும் அதன் உறவையும் முடக்குகிறது. நாங்கள் அளப்பது இந்தச் செரத்து என்சைமை. ரியேஜென்ட்டில் மஞ்சள் நிறப் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு இருக்கும். என்சைம் பியூட்டிரில் தயோகோலினை உடைக்கும்போது வரும் தயோகோலின் அந்த மஞ்சளை வெளுக்க வைக்கும். 405 நானோமீட்டரில் கோடு இறங்கும். ஆரோக்கியமானவர் என்றால் செங்குத்தாக இறங்கும். இதன் நார்மலே எங்கள் கிட்டில் 5,000-க்கும் 12,000-க்கும் இடையில். மருந்து பட்டவருக்கு மஞ்சள் அப்படியே நிற்கும். கோடு உயரத்தில் தொடங்கி உயரத்திலேயே படுக்கும்.

இந்தத் தட்டை உண்மையானதா என்று பார்ப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் நூல் செரத்தில் இருந்து, செரத்தை உறிஞ்சும் ஊசியான புரோபில் சிக்கிக்கொண்டால் மெஷின் செரத்தையே எடுத்திருக்காது; அப்போதும் கோடு உயரத்தில் தட்டையாகத்தான் நிற்கும். அதனால் அதே குழாயிலிருந்து, கல்லீரலில் உண்டாகும் ஆல்புமின் என்ற புரதத்தையும் சேர்த்துப் போடுவோம். ஆல்புமின் சரியாக வந்து கோலினெஸ்டரேஸ் மட்டும் படுத்திருந்தால் ரிசல்ட்டை நம்பலாம். ஆல்புமினும் படுத்திருந்தால் புரோபைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். இந்த என்சைமும் கல்லீரலில் உண்டாவது. கார்பமேட் வகைப் பூச்சிமருந்தாக இருந்தால் இன்னும் அவசரம். அதன் பிடி சில மணி நேரத்தில் தானாகத் தளரும், குழாய்க்குள்ளும் தளரும். சாம்பிளை வைத்திருந்து சாவகாசமாகப் போட்டால் நல்ல எண் வந்து ஏமாற்றும். இந்த ரிப்போர்ட்டுக்காக எந்த டாக்டரும் வைத்தியத்தை நிறுத்திவைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கண்மணி சுருங்கி, வியர்த்து, எச்சில் ஒழுகி, மூச்சு திணறுகிறது என்றால் விஷமுறிவு மருந்தான அட்ரோபினைப் போட்டுவிடுவார்கள்.

ஒருநாள் பருத்திக்கு மருந்தடித்த அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். அண்ணன் டேங்கைத் தோளில் மாட்டி அடித்தவர். சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது, மருந்து வாடை லேப் ஜன்னல்வரை வந்தது. தம்பி மருந்தைக் கலந்து ஊற்றிக்கொடுத்தவர், தலைவலி மட்டும். அண்ணனுக்கு 1,900. அட்மிட் ஆகிவிட்டார். தம்பிக்கு 6,100.

"எனக்கு நார்மல்தானேக்கா?" என்று கேட்டார் தம்பி. பிரிண்ட்டில் 5,000-லிருந்து 12,000 வரை என்று போட்டிருக்கிறது, அதற்குள்தான் இருக்கிறது. ஆனால் இதில் நார்மல் எல்லை அத்தனை அகலம். 11,000 உள்ளவருக்குப் பாதி போனாலும் எல்லைக்குள்ளேயே இருப்பார். இவர் எங்கிருந்து இறங்கி 6,100-க்கு வந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவரும், மருந்துப் பக்கமே போகாமல் ஒன்றரை மாதம் கழித்து வந்து பார்க்கச் சொல்லி அனுப்பினார். வந்தார். 10,400. ஆக, அன்று தலைவலியோடு நின்றபோது அவருக்கு நாற்பது சதவீதத்துக்கு மேல் போயிருந்தது. ரிப்போர்ட் நார்மல் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கலிஃபோர்னியாவில் இதற்கு 1974 முதலே ஒரு ஏற்பாடு இருக்கிறது. இந்த வகை மருந்துகளைத் தொடர்ந்து கையாளும் வேலையாட்களுக்கு, வேலை தொடங்கும் முன்பே கோலினெஸ்டரேஸ் பார்த்து எழுதிவைத்துவிட வேண்டும். பிறகு அவ்வப்போது பார்ப்பார்கள். சொந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் வேலை செய்யும் விதத்தை ஆராய வேண்டும். செரம் அளவு 60 சதவீதத்துக்கு இறங்கினால் அந்த வேலையிலிருந்தே விலக்கி வைக்க வேண்டும், மறுபடி 80-க்கு ஏறும்வரை. அங்கே இருந்திருந்தால் எங்கள் தம்பி அன்றே மருந்து டப்பாவைத் தொடக்கூடாது. இங்கே அவர் மறுநாளே அண்ணன் விட்ட இரண்டு ஏக்கரை முடிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் சொல்லித்தான் நிறுத்தினார்.

நம் ஊரில் கூலிக்கு மருந்தடிக்கப் போகிறவர்களுக்கு ஒருவரும் இப்படி முன்னதாகப் பார்த்து வைப்பதில்லை. செலவு பெரிதில்லை, மெஷின் இருக்கிறது, ரியேஜென்ட் இருக்கிறது. எங்கள் மருத்துவமனை நிர்வாகத்திடம் பேசி, மருந்தடிப்பு தொடங்குவதற்கு முந்தைய மாதத்தில் இந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் குறைந்த கட்டணத்தில் செய்ய ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இது நடக்க வேண்டும் என்று வருகிற டாக்டர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மருந்தடிக்கிற வேலைக்குப் போகிறவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் விதைப்புக்கு முன்னால் ஒரு தடவை அழைத்து வாருங்கள். கடைசியாக மருந்து தொட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வெறும் வயிறு தேவையில்லை. வரும் எண்ணை நாங்களும் ரிஜிஸ்டரில் எழுதிவைப்போம். நீங்கள் ரிப்போர்ட்டை ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே போட்டு வையுங்கள். பின்னால் எப்போதாவது தலை சுற்றுகிறது, கண் மங்குகிறது என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.